கண்ட்ரோலில் பதினொன்று

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள்தான் அந்தச் சோதனைக்கு வேண்டும். நீர்த்தெள்ளு என்று புத்தகத்தில் போட்டிருக்கும். லேபில் நாங்கள் டாப்னியா என்போம். தாய் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. குஞ்சு ரவையில் பாதி. தலையிலிருந்து கிளம்பும் இரண்டு கொம்பைத் துடுப்பாக வீசி, எம்பி எம்பி நீந்தும். ஒரு கண்ணாடிக் குவளைக்கு ஐந்து குஞ்சு, அப்படி நான்கு குவளை, ஒரு வரிசைக்கு இருபது. சோதிக்க வேண்டிய தண்ணீரை ஒரு வரிசையில் முழுசாக ஊற்றுவோம். அடுத்தடுத்த வரிசைகளில் பாதி, கால், அரைக்கால் என்று நல்ல தண்ணீர் கலந்து ஊற்றுவோம். இருபத்து நான்கு மணி நேரம் கழித்து ஒரு தடவை, நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்க்க வேண்டும். குவளையை லேசாகச் சுழற்றிவிட்டு, பதினைந்து நொடி காத்திருந்து, நீந்தாமல் கிடப்பதை எண்ணி எழுத வேண்டும். கடைசி வரிசையில் மட்டும் அவை வளர்ந்த நல்ல தண்ணீரே இருக்கும். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். அந்த இருபதில் இரண்டுக்கு மேல் நின்றுபோனால் குஞ்சிலேயே ஏதோ கோளாறு, மொத்தச் சோதனையும் செல்லாது.

ஆறு வருஷம் இந்த வேலையைச் செய்தேன். வில்லியனூர்ப் பக்கம் ஒரு தனியார் லேப். விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. அந்த ஆறு வருஷத்தில் என் கண்ட்ரோலில் ஒருநாளும் இரண்டுக்கு மேல் நின்றதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். இந்தப் பூச்சிகள் சூடு தாங்காது, குளோரின் தாங்காது, பாத்திரத்தில் ஒட்டிய சோப்புகூடத் தாங்காது. ஒரு புயலில் நாலு நாள் கரண்ட் வரவில்லை. தாய்ப்பூச்சி இருந்த ஜாடிகளைத் துணியில் சுற்றி ஸ்கூட்டியில் வைத்துப் பாகூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஈரச்சாக்குப் போர்த்தி, மணிக்கொருமுறை விசிறிக் காப்பாற்றினேன். "எம் பொண்ணு பூச்சிக்கு நர்ஸம்மா" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

எங்களிடம் தண்ணீர் அனுப்பும் கம்பெனிகளில் ஒன்று, இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசுகிற கம்பெனி. பெயர் வேண்டாம். சுத்திகரித்து வெளியே விடுகிற தண்ணீர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் சூப்பர்வைசர் ஒரு கேன் கொண்டுவந்து கொடுப்பார். இளநீர் மாதிரி தெளிவாக இருக்கும். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்தும் இருபது குஞ்சும் குதித்துக்கொண்டிருக்கும். பாஸ். ஒரு தடவை அந்த கேனைப் பார்த்த கெமிஸ்ட்ரி செக்ஷன் அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"எங்க வூட்டு போர் தண்ணிக்கு இன்னா உப்போ அதே உப்புதான் இதுலயும் கீது. பொட்டு கூட மாறல."

நான் சிரித்தேன். அதுதான் என் முதல் தப்பு. கேனில் வருவது வெறும் போர் தண்ணீர் என்று அந்த அக்கா சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை.

அந்தக் கம்பெனியின் பின்பக்கச் சுவரை ஒட்டித்தான் எங்கள் ஊர் வாய்க்கால் போகிறது. அப்பா போன பிறகு அம்மா இன்னும் கழனி வேலைக்குத்தான் போகிறாள். நடவு, களை, கரும்பு வெட்டு, எது கிடைக்கிறதோ அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சம்பா களையெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கால்விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் குழி குழியாகப் புண். ஆணியால் குத்தி எடுத்த மாதிரி வட்டமாக இருந்தது.

"இன்னாம்மா இது?"

"சேத்துப்புண்ணுன்னு சொல்லி ஆஸ்பத்திரில களிம்பு குடுத்தாங்க. நாலு தபா வாங்கியாச்சு. ஆறவே மாட்டேங்குது. மதகாண்ட எறங்கற அத்தினி பேருக்கும் இப்பிடித்தான் கீது. மேலண்ட கழனில எறங்கறவங்களுக்கு ஒண்ணியும் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவளே இன்னொன்றும் சொன்னாள். "இந்த வருசம் அந்த வரப்புல ஒரு நண்டு வளை இல்ல. நத்தைங்க எல்லாம் வெள்ளையா வெறும் ஓடுதான் கெடக்குது."

நண்டும் நத்தையும் இல்லை என்று ஒருத்தி சொன்னால், அந்த நண்டுக்குச் சொந்தக்காரப் பூச்சியை வைத்து ஆறு வருஷம் பிழைத்தவளுக்கு உடனே உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. மதகுப் பக்கம் போய்ப் பார்த்தேன். கம்பெனிச் சுவருக்கு அடியில், கோரைக்குள் மறைந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் தேங்கியிருந்த தண்ணீர் வெளிறிய மஞ்சள். அந்த மஞ்சள் எனக்குத் தெரியும். பூச்சிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க மாதம் ஒருமுறை ஒரு ஆரஞ்சு உப்பைக் கரைத்து வேண்டுமென்றே கொஞ்சம் விஷம் கொடுப்போம். குரோமியம் உப்பு. அதைக் கரைத்து நீர்க்க நீர்க்க அதே மஞ்சள்தான் வரும். கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது என்று எங்கள் லேப் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. என் அம்மா முழங்கால் வரை அதில் நின்று களை பறித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், இரண்டு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, குழாய் வாயில் தேங்கியிருந்ததை மொண்டு நிரப்பிக்கொண்டேன். அந்த வாரம் கம்பெனியின் கேனும் வந்திருந்தது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே தாய்களின் குஞ்சுகளை வைத்து, ஒரே கண்ட்ரோலோடு சோதனைக்கு ஏற்றினேன்.

மறுநாள், நான் கொண்டுவந்த தண்ணீரை முழுசாக ஊற்றிய வரிசையில் இருபதும் அடியில் கிடந்தன. குவளையைச் சுழற்றினால் தண்ணீரோடு சுற்றிவிட்டுத் திரும்ப அடியில் போய்ப் படிந்தன. நாற்பத்தெட்டாவது மணியில், எட்டில் ஒரு பங்கு மட்டும் கலந்த வரிசையிலேயே பதினேழு நின்றுபோயின. கம்பெனி கேன் தண்ணீரில் இருபதும் நீந்தின. கண்ட்ரோலிலும் இருபதும் நீந்தின. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி உடம்புக்குள் இதயம் அடித்துக்கொள்வது தெரிந்தது.

எண்ணிக் குறித்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. எனக்கு டெங்கு வந்தபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். தாள்களைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"இது யாரோட சாம்பிள்?"

"அதே கம்பெனி சார். பின்பக்கம் ஒரு குழாய் இருக்கு. அதுலேர்ந்து வர்றது."

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

"யாரு எடுக்கச் சொன்னாங்க?"

அவர் கோபப்படவில்லை. பாடம் சொல்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"கஸ்டமர் இல்ல. நம்பர் இல்ல. எடுத்தப்போ பக்கத்துல இருந்ததுக்கு யார் கையெழுத்தும் இல்ல. அப்போ இது சாம்பிளே இல்லம்மா. வெறும் தண்ணி."

"வெறும் தண்ணியில எப்பிடி சார் இருபதும் நிக்கும்?"

"ரிஜிஸ்டர்ல ஏத்திட்டீங்களா?"

ஏற்றியிருந்தேன். பக்க எண் அச்சடித்த தைத்த நோட்டு அது, கிழிக்க முடியாது. ஆரம்பித்த நாளும் இருபத்து நான்கு மணிக் கணக்கும் பேனாவில் எழுதியாகிவிட்டது. நாற்பத்தெட்டு மணிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவர் நோட்டை வரவழைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அடுத்த மாசம் ஆடிட். யாருக்குன்னே தெரியாத ஒரு சோதனை இப்பிடிக் கெடந்தா லேபை மூடிருவாங்க. பதினாலு பேர் வேலை. ஒரே ஒரு வரிதான். சும்மா பழகிப் பாக்க ஏத்தினது, கண்ட்ரோல் செத்துப்போச்சு, செல்லாதுன்னு எழுதிருங்க. முடிஞ்சது."

"கண்ட்ரோல்ல ஒண்ணுகூட நிக்கல சார்."

"தெரியும்மா. எழுதுங்க."

எழுதினேன். கண்ட்ரோலில் பதினொன்று அசையவில்லை, சோதனை செல்லாது. ஏன் பதினொன்று என்று தெரியாது. பேனாவில் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். கம்பெனி கேனுக்கும் அதே கண்ட்ரோல்தான். அந்தப் பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதியிருப்பது அப்போதே நினைவுக்கு வந்தது. அவருக்கு அது தோன்றவில்லை. நான் சொல்லவும் இல்லை. யாராவது ஒருநாள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று மனதின் ஓரத்தில் ஒரு நப்பாசை. கோழைத்தனத்துக்கு நான் போட்டுவிட்ட சட்டை அது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உடம்பு எரிந்தது. அவர் எழுதச் சொன்னதைவிட, உயிரோடு நீந்திக்கொண்டிருந்ததைச் செத்ததாக என் கையால் எழுதியதுதான் எரிந்தது. ஈரச்சாக்குப் போர்த்திக் காப்பாற்றிய கை இது.

அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் காலுக்குக் களிம்பு தடவிக்கொண்டே கேட்டாள். கடைசியில் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எழுதிக் குடுத்தியா?"

"எழுதினேன்."

"ஒங்கையாலயா?"

"ஆமாம்மா."

"அந்த கேனு தண்ணி பொய்யின்னு எத்தினி நாளாத் தெரியும் ஒனக்கு?"

இந்தக் கேள்வியை மேனேஜர் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அம்மாவிடம் முடியவில்லை. அவள் களிம்பு டியூபை மூடி வைத்தாள். "நீ படிச்ச படிப்பு யாருக்குடி ஆச்சு" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே வந்து கேட்டாள்.

"அந்தப் பூச்சிங்க அடியில போயிக் கெடக்கறத எங்களுக்குக் காட்ட முடியுமா?"

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பாட்டில் நிறையக் குஞ்சுகளை லேபிலிருந்து எடுத்துவந்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். மார்கழிக் குளிர் இருந்ததால் ஏசி இல்லாமலே தாங்கும் என்று நம்பினேன். ஆறு கண்ணாடி டம்ளர்களைச் சோப்புப் போடாமல் கழுவி டிவி ஸ்டாண்டின்மேல் வரிசையாக வைத்தேன். இரண்டில் கம்பெனிக் குழாயடியில் மொண்ட தண்ணீர், இரண்டில் மேலண்டை வாய்க்கால் தண்ணீர், இரண்டில் பூச்சி வளர்ந்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஐந்து குஞ்சு. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அம்மாவின் வேலைக்கூட்டம் வந்தது. அம்மாவோடு சேர்த்து எட்டுப் பெண்கள், எல்லார் காலிலும் துணிக்கட்டு. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் டம்ளரைத் தூக்கித் தூக்கி அவர்களே எண்ணினார்கள்.

"இதுல அஞ்சும் குதிக்குது."

"இதுல ஒண்ணியும் காணோமே."

"தோ, அடியில கீது பாரு. தூசியாட்டம்."

குழாயடித் தண்ணீர் டம்ளர் இரண்டிலும் பத்தும் கிடந்தன. மற்ற நாலிலும் எல்லாம் நீந்தின. அவர்களில் மூத்தவள் ஒருத்தி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு நாளு பொழுதுதான் தாங்கிச்சா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நாம மூணு வருசமா எறங்கறோம்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

திங்கள்கிழமை எட்டுப் பேரும் வேலைக்குப் போகாமல் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார்கள். மனு எழுதிக் கொடுத்தேன். என் பெயர் போடவில்லை. அதுவும் பயம்தான். கழனிக்காரருக்கு விஷயம் போய், அவர் வீட்டுக்கே வந்தார். "தண்ணி விசம்னு பேப்பர்ல வந்தா என் நெல்ல எவன் வாங்குவான்? ஒங்களுக்கு வேல எங்கேர்ந்து வரும்?" என்று சத்தம் போட்டார். அம்மா உள்ளே போய், அவர் குடிப்பதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இது நல்ல தண்ணிதான், குடிங்க" என்றாள். அவர் குடிக்காமல் போனார்.

பத்து நாள் கழித்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி கேன்களோடு வந்தார். காலை பத்து மணி. நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அன்று குழாயும் அதன் வாயில் தண்ணீர் தேங்கும் இடமும் காய்ந்து கிடந்தன. வாய்க்காலிலேயே ஒரு கேன் மொண்டுகொண்டு கிளம்பப் பார்த்தார். பெண்கள் வழியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"குந்துங்க சார். பன்னெண்டு, பன்னெண்டரைக்குத்தான் தொறப்பானுங்க. நாங்க சோத்துக்குக் கரையேறும்போது தெனமும் பாக்கறோம்."

அவர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. குடையை விரித்து வரப்பிலேயே உட்கார்ந்தார். பன்னிரண்டு இருபதுக்குக் குழாய் ஒரு தடவை இருமி, பிறகு மஞ்சளாகக் கொட்ட ஆரம்பித்தது. அவர் எழுந்த வேகத்தில் குடை வாய்க்காலில் விழுந்தது. கேனை நிரப்பி அவர் சீல் வைத்ததும், எட்டுப் பெண்களும் சாட்சிக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். சத்தம் கேட்டுக் கம்பெனி சூப்பர்வைசர் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அத்தனை பேருக்கு நடுவில் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீங்களா மேடம்?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. குரோமியம் அனுமதித்த அளவைத் தாண்டிப் பல மடங்கு. குழாயைச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். கம்பெனியைச் சில மாதம் மூடி, சுத்திகரிப்புத் தொட்டி கட்டியபின் திறந்தார்கள். இது ஜெயித்த கதைதான். ஆனால் கோபம் இங்கேதான் எனக்குத் தலைக்கு ஏறுகிறது.

இத்தனை வருஷம் எப்படிப் பாஸ் ஆனது என்று கேட்டு எங்கள் லேபுக்கு அதே ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எல்லா ரிப்போர்ட்டுகளையும் பார்த்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: கொண்டுவந்து கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும். அந்த ஒரு வரி லேபைக் காப்பாற்றியது. கேனில் போர் தண்ணீர் வந்தால் போர் தண்ணீருக்குப் பாஸ் கொடுத்தோம், குற்றமில்லை. எல்லாம் பார்த்து முடித்தபோது, அந்த இருவரில் ரிஜிஸ்டரைப் புரட்டிய அம்மையார் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு சோதனைக்கும் ஒரே தேதி, ஒரே கண்ட்ரோல். இந்தப் பக்கத்துல ஒண்ணுகூட நிக்கல. அந்தப் பக்கத்துல பதினொண்ணு. எது உண்மை?"

"ஒண்ணுகூட நிக்காததுதான் உண்மை மேடம்."

"அப்போ பதினொண்ணுன்னு எழுதினது?"

"நான்தான். எழுதச் சொன்னாங்க." மேனேஜரைப் பார்த்தேன். "சார், நீங்க சொல்லித்தானே எழுதினேன்."

அவர் முகம் மாறவே இல்லை. "நான் சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

இல்லை. எழுத்தில் இருந்தது என் கையெழுத்து மட்டும்தான். பொய்ப் பதிவு செய்ததற்காக என்னை நீக்கினார்கள். வாய்க்காலில் மூன்று வருஷம் விஷம் விட்ட விவகாரத்தில் எங்கள் லேபில் தண்டனை கிடைத்தது எனக்கு மட்டும்தான். அநியாயம் என்று முழு வாயால் கத்தவும் முடியாது. பொய் எழுதியது நான்தானே. அந்த அம்மையார் கேட்டதும் நியாயம், நீக்கியதும் நியாயம். நியாயமாகவே எல்லாம் நடந்து மேனேஜர் நாற்காலியில் அப்படியே இருக்கிறார். இதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

வேறு லேப்களில் கேட்டேன். முன்னால் எங்கே, ஏன் விட்டீர்கள் என்ற கேள்வியோடு முடிந்துபோனது. இப்போது நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். அம்மாவின் புண் ஆறிவிட்டது, குழி மட்டும் இருக்கிறது. இடது காலில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி இல்லை. அதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டேன் என்கிறார். எட்டுப் பேருக்கும் கேட்டுப் பார்த்துவிட்டோம்.

போன தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜரைப் பார்த்தேன். பந்திக்குக் காத்திருந்த வரிசையில் அவராகவே பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லா இருக்கீங்களாம்மா? நீங்க போனப்புறம் பூச்சி தங்கவே மாட்டேங்குது. மூணு தடவை வெளியிலேர்ந்து வாங்கிட்டோம். உங்க மாதிரி யாரும் பாத்துக்கல. கொஞ்ச நாள் போகட்டும், திரும்ப எடுத்துக்கலாமான்னு யோசிக்கிறேன்."

"வரேன் சார். அந்தப் பதினொண்ணு நீங்க சொல்லித்தான் எழுதினதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நாளைக்கே வரேன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டைப்பையைத் தடவி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை. இலையில் உட்கார முடியாமல் மொய்க்கவரை மட்டும் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நடந்ததைச் சொன்னதும் அம்மா என்னைத்தான் திட்டினாள்.

"அவன்மேல கோவம்னா அவன்கிட்ட காட்டு. சோத்துமேல இன்னாத்துக்குடி காட்ற?"

தட்டு வைத்து, பழைய குழம்பைச் சூடாக்கி ஊற்றினாள். சாப்பிட்டேன். கோபம் அப்படியேதான் இருந்தது.